சர்க்கரைப் பாட்டிலும் சிலிண்டர் சாமிகளும்

மீன் தொட்டியில் செடி வளர்க்க ஆசைப்படுகிற மாணவன் எவனாக இருந்தாலும், கடைக்குள் காலை வைத்த ஐந்தாவது நிமிடம் ஒரு வசனத்தைக் கேட்டே தீருவான். "சிலிண்டர் செட் போடாம செடி வராது தம்பி. போட முடியலன்னா பிளாஸ்டிக் செடி இருக்கு, பாக்குறீங்களா?"

தம்பி பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறான். தொட்டி, மணல், செடி, நாலு மீன் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்தவன் அவன். சிலிண்டர், ரெகுலேட்டர், சொலினாய்டு வால்வு, டிஃப்யூசர் என்று கடைக்காரர் அடுக்குகிற பட்டியல் சில ஆயிரங்களில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகிறது. இணையத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று போனால், அங்கே இருக்கும் அண்ணன்மார்கள் கடைக்காரரைவிடக் கறாராக இருக்கிறார்கள். "காசு இல்லன்னா இந்தப் பக்கமே வராதீங்க ப்ரோ." தம்பி பிளாஸ்டிக் செடியோடு வீடு திரும்புகிறான்.

அந்த வசனம் முழுப்பொய் இல்லை. முழுப்பொய்யாக இருந்தால் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்காது. அது அரை உண்மை. அதனால்தான் அதை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அரை உண்மை

செடியைக் காயவைத்து எடை போட்டால் அதில் கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்கு மேல் கார்பன். அந்தக் கார்பன் மண்ணிலிருந்து வருவதில்லை, கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது. பத்தாம் வகுப்புப் பாடம். நிலத்துச் செடிக்கு இதில் பிரச்சினை இல்லை, காற்று சும்மா வந்து இலையைத் தடவிக்கொண்டே இருக்கிறது. தண்ணீருக்குள் கதை வேறு. காற்றோடு சமநிலையில் இருக்கும் 25 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 0.6 மில்லிகிராம் கரியமில வாயுதான் கரைந்திருக்கும். மீன் மூச்சு விடுவதாலும் கழிவு மக்குவதாலும் தொட்டியில் இது இரண்டு, மூன்று மில்லிகிராம் வரை ஏறலாம். அதோடு, தண்ணீரில் இந்த வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இலைக்குப் பக்கத்தில் இருப்பது தீர்ந்துவிட்டால் அடுத்த வாய் வந்து சேர நேரமாகும்.

ஆக, கரியமில வாயுவைக் கூட்டிக் கொடுத்தால் செடி வேகமாக வளரும் என்பது சத்தியம். டென்மார்க்கில் ரிக்சியா என்ற மிதக்கும் செடியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குறைந்த வெளிச்சத்திலேயே வாயுவை மட்டும் கூட்டியபோதுகூட வளர்ச்சி பல மடங்கு கூடியது. பெரிய விளக்கு இருந்தால்தான் வாயு போட வேண்டும் என்ற நம்பிக்கை அங்கேயே அடிபட்டுப் போனது.

ஆனால் கடையில் சொல்லப்படுவது ஒரே வாக்கியம் போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, வாயு கூட்டினால் செடிக்கு நல்லது. இரண்டு, கூட்டாவிட்டால் செடியே வராது. மூன்று, கூட்டுவதற்குச் சிலிண்டர் ஒன்றே வழி. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். மூன்றாவது வியாபாரம்.

இரண்டாவது பொய் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? எந்தக் கோயில் குளத்திலும் யாரும் சிலிண்டர் இறக்கியதில்லை. அங்கே ஹைட்ரில்லா காடாக வளர்கிறது, வெட்டி எடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்றவை தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. சென்னையின் கடினமான போர் தண்ணீர் அவற்றுக்கு விருந்து. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் எல்லாம் மெதுவாக வளர்கிறவை. கிடைக்கிறதை வைத்துக் குடித்தனம் நடத்தும். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999ல் செடித்தொட்டிகளின் சூழலியல் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஜல்லிக்கு அடியில் சாதாரணத் தோட்டத்து மண், மிதமான வெளிச்சம், கொஞ்சம் மீன். மண் மக்கி வருகிற வாயுவே செடிக்குப் போதும் என்பது அவர் வழி. உலகம் முழுக்க அப்படித் தொட்டி வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் சாமிகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

படம் காட்டிய வினை

பின் ஏன் எல்லோரும் சிலிண்டர் சிலிண்டர் என்கிறார்கள்? காரணம் ஒரு ஜப்பானியரின் புகைப்படங்கள். தகாஷி அமானோ (1954 - 2015). அவர் 1982ல் தொடங்கிய நிறுவனமும், 1990களில் வெளிவந்த அவருடைய படப் புத்தகங்களும்தான் இன்றைக்கு அக்வாஸ்கேப்பிங் என்று சொல்லப்படுகிற கலையை உலகத்துக்குக் கொடுத்தன. தரை முழுக்கப் பச்சைக் கம்பளம், அதன்மேல் பாறை, இலை நுனியில் முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழ். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் தூக்கம் வராது. அமானோ பெரிய கலைஞர், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அந்தப் படம் பலமான விளக்கு, தாராளமான வாயு, தினசரி உரம், வாராவாரம் வெட்டல், கைதேர்ந்த புகைப்படக்காரர் எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்தது. அதைக் காட்டி, ஒன்றரை அடித் தொட்டியில் நாலு ரொட்டாலா நட நினைப்பவனிடம் "இதுதான் குறைந்தபட்சத் தகுதி" என்று சொல்வது, ஐந்து நட்சத்திர ஹோட்டல் சமையலறையைக் காட்டி, இது இல்லாமல் சாம்பார் வைக்க முடியாது என்று சொல்வது மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமானோ தன் ஆரம்ப நாட்களில் தொட்டியில் சோடாத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோதுதான் செடிகள் குமிழ் விடுவதைக் கண்டார் என்றொரு செய்தி இந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். அது சரியென்றால், இவ்வளவு பெரிய வியாபாரத்தின் மூலவர் நம் ஊர்க் கோலி சோடாவின் ஒன்றுவிட்ட அண்ணன் :-)

விளக்கில் தொடங்கும் விற்பனை

ஒரு செடித்தொட்டி எப்படிக் காசைத் தின்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் வியாபாரத்தின் சூட்சுமம் புரியும்.

முதலில் விற்கப்படுவது விளக்கு. எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பெரிய எல்.இ.டி. ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். வெளிச்சம்தான் ஆக்சிலரேட்டர். அதை மிதித்தால் செடி வேகமாகச் சாப்பாடு கேட்கும். வாயுவும் சத்தும் அந்த வேகத்துக்குக் கிடைக்காதபோது செடி நின்றுபோகும். நின்ற இடத்தில் பாசி வந்து உட்காரும். ஒரே மாதத்தில் கண்ணாடி பச்சை, இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடி.

தம்பி திரும்பக் கடைக்குப் போவான். "வாயு பத்தல தம்பி, சிலிண்டர் போடுங்க." சிலிண்டர் வரும். சத்து பத்தவில்லை, உரம் வரும். அதற்குள் வந்த பாசிக்குப் பாசி மருந்து வரும். மருந்தில் இறால் செத்தால் புது இறால் வரும். இத்தனைக்கும் முதல் நாளே விளக்கைப் பாதியாகக் குறைத்து, நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரத்துக்கு ஒரு டைமர் மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குறைவான வெளிச்சத்துக்குக் குறைவான வாயு போதும். குறைவான வாயுவைச் சமையலறையிலேயே தயாரிக்கலாம். இது எந்தக் கடையின் பலகையிலும் எழுதியிருக்காது. எழுதினால் கடைக்கு என்ன லாபம்?

சர்க்கரைப் பாட்டிலின் கணக்கு

செலவில்லாமல் வாயு கொடுக்கும் பழைய வழி சர்க்கரையும் ஈஸ்ட்டும். இட்லி மாவைப் பொங்க வைக்கிற அதே வேலை. நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. பேக்கரி ஈஸ்ட் சர்க்கரையைக் கிட்டத்தட்டப் பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று. 200 கிராம் சர்க்கரை. ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் கூடாது, கொதித்த தண்ணீரில் ஈஸ்ட் செத்துவிடும். கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட். ஒரு சிட்டிகை ஆப்பசோடா. மூடியில் டியூபை விடச் சற்றே சிறியதாக ஓட்டை போட்டு, டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டிக் குறடால் இழுத்தால் அது தானாகவே இறுகிக்கொள்ளும். கடைசியில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. 200 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் 100 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய 55 லிட்டர் வாயு. இரண்டு வாரத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 7 கிராம். நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்று முடிக்காது. சரி, நாளைக்கு 5 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தொட்டிக்கு எவ்வளவு வேண்டும்? 50 லிட்டர்த் தொட்டியில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற நல்ல அளவை எட்ட, தண்ணீரில் கரைந்திருக்க வேண்டிய மொத்த வாயு ஒரு கிராம். ஒரே ஒரு கிராம்! மேற்பரப்பு வழியாகத் தப்பிப்பது, செடி தின்பது எல்லாம் போக, அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் மீதி. ஒரு கிராமுக்காகப் பத்தாயிரம் ரூபாய்க் கருவி வேண்டும் என்று சொல்லும்போது கடைக்காரர் சிரிக்காமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

மாதத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை கூடச் செலவாகாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு வாரம் டீ குடிக்கிற காசு.

வழக்கமான நான்கு ஆட்சேபங்கள்

சர்க்கரைப் பாட்டில் என்று சொன்னவுடன் நான்கு ஆட்சேபங்கள் வரிசையாக வரும். நான்கிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் நான்குக்கும் விடை இருக்கிறது.

முதல் ஆட்சேபம்: அளவு சீராக இருக்காது, முதல் வாரம் கொட்டும், மூன்றாவது வாரம் தூங்கும், அந்த ஏற்ற இறக்கத்தில் பாசி வரும். உண்மை. சென்னை மே மாதத்தில் இது இன்னும் மோசம், வெயிலில் ஈஸ்ட் தலைதெறிக்க ஓடி ஒரே வாரத்தில் பாட்டிலைக் காலி செய்யும். விடை: இரண்டு பாட்டில். ஒரு வாரம் இதை மாற்று, அடுத்த வாரம் அதை மாற்று. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். பாட்டிலைத் தண்ணீர் வைத்த வாளிக்குள் நிறுத்தினால் பகல் சூடு நேரடியாகத் தாக்காது. அதோடு ஈஸ்ட்டை அள்ளிப் போடுவதை நிறுத்த வேண்டும். ஈஸ்ட் கூடினால் மொத்த வாயு கூடாது, சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். வாயுவின் அளவு சர்க்கரையில், வேகம் ஈஸ்ட்டில்.

இரண்டாவது: ராத்திரி நிறுத்த முடியாது. இதுதான் நான்கிலும் கனமான ஆட்சேபம். இருட்டில் செடி வாயுவைத் தின்னாது, தானும் மூச்சு விடும். பாட்டில் பாட்டுக்கு வாயு விட்டுக்கொண்டிருக்கும். அதற்காக டியூபைக் கிள்ளி அடைக்கக் கூடாது, அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். விடை: விளக்கு அணையும் நேரத்தில் காற்று மோட்டார் ஓடும்படி இன்னொரு டைமர். மேற்பரப்பு கலங்கினால் கூடுதல் வாயு வெளியே போய்விடும், ஆக்சிஜன் உள்ளே வரும். பெரும்பாலான வீடுகளில் அந்த மோட்டார் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவது: சர்க்கரைத் தண்ணீர் தொட்டிக்குள் வந்துவிடும். வரும், சோம்பேறித்தனமாகக் கட்டினால். விடை: நடுவில் பாதி தண்ணீர் வைத்த ஒரு சின்ன பாட்டில். வாயு அதற்குள் குமிழாக வந்து, பொங்கி வரும் நுரையை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். குமிழ் எண்ணவும் அதுவே கருவி. மருந்துக்கடையில் விற்கிற குளுக்கோஸ் ஏற்றும் டியூபின் சொட்டுக் குழாயையும் குமிழ் எண்ணப் பயன்படுத்துகிறார்கள், அதில் உள்ள உருளையை இறுக்காதவரை சரி. தொட்டித் தண்ணீர் பின்னோக்கி வராமல் இருக்க ஒரு செக் வால்வு.

நான்காவது: வாயு சரியாகக் கரையாது. விலை உயர்ந்த பீங்கான் டிஃப்யூசரை வாங்கி மாட்டினால் கரையாதுதான், ஈஸ்ட்டின் அழுத்தம் அதற்குப் பத்தாது. டியூபை உள் ஃபில்டரின் உறிஞ்சும் வாயில் செருகினால் அதன் விசிறியே குமிழைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். செலவு பூஜ்யம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாலடி, ஐந்தடித் தொட்டிக்குச் சர்க்கரைப் பாட்டில் தாங்காது. வாரத்துக்கு ஐந்து பாட்டில் மாற்றி மாற்றி அலுத்துப் போவார்கள். இருநூறு லிட்டருக்கு மேல் தொட்டி, பலமான விளக்கு, கம்பளச் செடி என்று போகிறவருக்குச் சிலிண்டர்தான் சரி, நீண்ட நாளில் அதுவே மலிவும் கூட. சிலிண்டர் கெட்டது என்று யார் சொன்னது? அது எல்லோருக்கும் கட்டாயம் என்பதுதான் கெட்டது.

ஆப்பசோடா கட்சி

ஈஸ்ட்டின் ஏற்ற இறக்கம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, சிட்ரிக் அமிலமும் ஆப்பசோடாவும். இரண்டு பாட்டில், நடுவில் வால்வு வைத்த மூடி செட். ஒன்றில் 200 கிராம் சிட்ரிக் அமிலக் கரைசல், மற்றதில் 200 கிராம் ஆப்பசோடா. அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாப் பக்கம் போக, வாயு வரும். இதிலும் மொத்தம் நூறு கிராமுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஆனால் ஊசி வால்வால் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம், பீங்கான் டிஃப்யூசரையும் தள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டையும் ஒரே பாட்டிலில் கொட்டி மூடுகிற மேதைகளும் உண்டு. ஐம்பது லிட்டருக்கு மேல் வாயு, இரண்டு லிட்டர் பாட்டிலுக்குள், சில நிமிடத்தில். அதற்குப் பெயர் மீன் வளர்ப்பு அல்ல, வெடி. எந்த முறையாக இருந்தாலும் கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, தண்ணீர் பாட்டிலும் கூடாது. அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்த குளிர்பான பாட்டில் மட்டும்தான்.

பாட்டிலில் அடைத்த "கார்பன்"

"சர்க்கரையெல்லாம் நசநச வேலை தம்பி, இதை நாலு சொட்டு விடுங்க போதும்" என்று கடைகளில் நீட்டப்படுகிற இன்னொரு சரக்கு திரவ கார்பன். பெயரைக் கேட்டால் கரியமில வாயுவைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது குளூட்டரால்டிஹைடு அல்லது அதன் உறவுக்கார ரசாயனம். ஆஸ்பத்திரிகளில் இரண்டு சதவீதக் கரைசலாகக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படுகிற அதே பொருள்.

அது பாசியைக் கொல்லும், அதில் பொய்யில்லை. பாசி போனதும் செடி தெளிவாகத் தெரியும், அதைப் பார்த்து "கார்பன் வேலை செய்யுது" என்பார்கள். ஆனால் அதே மருந்து வாலிஸ்நேரியாவைக் கரைத்துவிடும். அளவு தவறினால் இறாலும் மீனும் சாகும். கையில், கண்ணில் பட்டால் ஆபத்து. ஒரு கிருமிநாசினியைக் கிருமிநாசினி என்று சொல்லி விற்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, வேண்டியவர் கையுறை போட்டு வாங்கிக்கொள்வார். அதற்குக் "கார்பன்" என்று ஞானஸ்நானம் செய்து பதினாறு வயசுப் பையன் கையில் கொடுப்பதுதான் அயோக்கியத்தனம்.

சிக்கனம் எங்கே செய்யக் கூடாது

இப்போது மறுபக்கத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிலிண்டர் சாமிகளுக்கு நிகராக, சர்க்கரைப் பாட்டில் சித்தர்களும் இருக்கிறார்கள். "பாட்டிலை மாட்டு, மறந்துடு" என்பது அவர்கள் தாரக மந்திரம். அடுத்த நாள் காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். "தண்ணி சரியில்ல போல" என்பார்கள்.

தண்ணீரில் கரியமில வாயு ஏறினால் மீன் தன் ரத்தத்திலுள்ள வாயுவைச் செவுள் வழியாக வெளியே தள்ள முடியாமல் திணறும். தொட்டியில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் அதைக் காப்பாற்றாது. நம் ஊர் வெயிலில் நிலைமை இன்னும் இறுக்கம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6 தான். மேலே வந்து திணறும் மீனைக் கண்டால் செய்ய வேண்டியது டியூபை உருவுவது, காற்று மோட்டாரை ஓட விடுவது, பாதித் தண்ணீரை மாற்றுவது. அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது, அளப்பது.

அளக்கும் கருவிக்குப் பெயர் டிராப் செக்கர். தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் ஒரு சின்னக் குமிழ், அதற்குள் புரோமோதைமால் புளூ கலந்த திரவம். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் சுமார் 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே அவசரப்பட்டுக் குமிழைக் கூட்டக் கூடாது. மீன் வளர்க்கும் தொட்டியில் பச்சைக்குச் சற்று நீலப் பக்கமே நிற்பது உத்தமம்.

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்தக் குமிழுக்குள் தொட்டித் தண்ணீரையே ஊற்றிவிடுகிறார்கள். பச்சை என்றால் 30 என்ற கணக்கு, கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கே.எச்., சரியாக 4 டிகிரி உள்ள திரவத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கே.எச்.சை மூன்றால் பெருக்கி, பி.எச். ஏழுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதற்கேற்பப் பத்தின் அடுக்கால் பெருக்கினால் வாயுவின் அளவு வரும். கே.எச். 4, பி.எச். 6.6 என்றால் 30. கே.எச். 12 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால் அதே பச்சை 90 மில்லிகிராமைக் குறிக்கும். குமிழ் பச்சையாகச் சிரிக்கும், மீன் செத்து மிதக்கும்.

இதற்குச் செலவும் பெரிதில்லை. பேட்டரித் தண்ணீர் என்று விற்கிற டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டரில் ஆறு கிராம் ஆப்பசோடாவைக் கரைத்தால் 40 டிகிரி. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 4 டிகிரி. புரோமோதைமால் புளூ எந்தக் கெமிஸ்ட்ரி லேபிலும் இருக்கும் சாதாரண நிறங்காட்டி, ரசாயனக் கடையில் சின்னக் குப்பியாகக் கிடைக்கும். டைட்ரேஷன் எதற்குப் படிக்கிறோம் என்று புலம்புகிற வகுப்புத் தோழர்களுக்கு இதோ ஒரு பயன்.

சிக்கனம் கூடாத இன்னொரு இடம் பழைய சிலிண்டர். காயலான் கடையில் தீயணைப்பு சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, சோதனைத் தேதி பார்க்காமல் நிரப்பி, பால்கனியில் வைக்கிறார்கள். சிலிண்டருக்குள் 20 டிகிரியில் கரியமில வாயு சுமார் 57 மடங்கு காற்றழுத்தத்தில் திரவமாக இருக்கும். 30 டிகிரியில் 70ஐத் தாண்டும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே இருக்காது, அதிகமாக நிரப்பியிருந்தால் அழுத்தம் எகிறும். சித்திரை வெயில் 40 டிகிரி. மீதியை யோசித்துக்கொள்ளலாம். காலக்கெடு தாண்டாத அழுத்தச் சோதனை முத்திரை இல்லாத சிலிண்டர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதைவிட சர்க்கரைப் பாட்டில் ஆயிரம் மடங்கு உத்தமம்.

ஆக, காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள் விளக்கு, டிஃப்யூசர், பிராண்டு உரம், மினுமினுப்பு. மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் மூன்றே மூன்று: டிராப் செக்கர், செக் வால்வு, ராத்திரி காற்று. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு ரெகுலேட்டர் விலையில் சின்னப் பங்குதான்.

யாருடைய பொழுதுபோக்கு இது?

சென்னைக் கொளத்தூர் இன்று இந்தியாவின் வண்ணமீன் வியாபாரத்தில் முக்கியமான பெயர். அந்தப் பெயரை உண்டாக்கியவர்கள் இறக்குமதிக் கருவி வைத்திருந்தவர்கள் அல்லர். சிமெண்ட் தொட்டி, மழைத் தண்ணீர், கையில் இருந்த சாமான், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கைப்பக்குவம். அங்கிருந்து மீன் வாங்கி வந்து, கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு, "காசு இல்லாதவன் இந்தப் பக்கம் வராதே" என்று எழுதுகிற அண்ணன்மார்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

வாயு எங்கிருந்து வந்தது என்று செடி கேட்பதில்லை. சர்க்கரையிலிருந்து வந்த கரியமில வாயுவும் சிலிண்டரிலிருந்து வந்த கரியமில வாயுவும் இலைக்கு ஒன்றே. வித்தியாசம் மனிதர்களுக்குத்தான் தெரிகிறது, அதுவும் விலைப்பட்டியல் கையில் இருக்கும் மனிதர்களுக்கு. ஒரு பாட்டிலைக் கட்டி, குமிழை எண்ணி, நிறத்தைப் பார்த்து, ஏன் இந்த வாரம் குறைந்தது என்று யோசிக்கிற மாணவன், ரிமோட்டில் சிலிண்டரைத் திறந்து மூடுகிறவரை விட வேதியியலும் உயிரியலும் கூடுதலாகவே கற்றுக்கொள்கிறான். அவனைத் துரத்திவிட்டுப் பிளாஸ்டிக் செடி விற்பதால் யாருக்கும் லாபமில்லை. கடைக்கும் கூட நீண்ட நாளில் லாபமில்லை, ஏனென்றால் பிளாஸ்டிக் செடிக்கு உரம் தேவைப்படாது.

அடுத்த முறை "சிலிண்டர் இல்லாம செடி வராது தம்பி" என்று யாராவது ஆரம்பித்தால் தம்பி கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. எத்தனை லிட்டர்த் தொட்டிக்கு? எவ்வளவு வெளிச்சத்துக்கு? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சாமான் வாங்கலாம். மழுப்புகிறவரிடம் மீன் சாப்பாடு கூட வாங்க வேண்டாம்.

பி.கு: புளித்து முடிந்த பாட்டிலில் இருப்பதைக் குடிக்கலாமா என்று ஹாஸ்டல் பக்கமிருந்து சந்தேகம் வரும். கூடாது. அது கள்ளும் இல்லை, ஒயினும் இல்லை, ஆப்பசோடா போட்ட ஈஸ்ட் கழிவு. சாக்கடையில் ஊற்றவும் :-)